தோட்டத்துக்கு வந்த காசைக் கேட்டு எழுதுவது எப்படி

தோட்டத்தில் கோயிலடியில் இருந்து பிள்ளை மடுவம் (வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்க்கும் இடம்) வரைக்கும் பாதைக்குக் கொங்கிரீட் போட்டாயிற்று. திறந்து வைக்க வந்தவருக்கு மாலையும் போட்டாயிற்று. முதல் அடைமழைக்கே ஓரம் பெயர்ந்து உள்ளே மண் தெரிகிறது. காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கிற எல்லோரும் "பாதிக் காசு எங்கேயோ போயிட்டு" என்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எது என்று பார்க்க ஒரு கடுதாசி போதும்.

இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. அரசாங்க ஆவணத்தைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று உலகத்தில் முதலில் சட்டம் போட்ட நாடு சுவீடன். அது 1766இல், பத்திரிகைச் சுதந்திரச் சட்டத்துக்குள்ளேயே அதை வைத்தது. பத்திரிகைக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டு ஆவணத்தை அலுமாரியில் பூட்டினால் எழுதுவதற்கு என்ன இருக்கும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். இலங்கை அந்த இடத்துக்கு வர 250 வருஷம் ஆனது. வந்த சட்டம் நல்ல சட்டம். மலையகத்தில் அது சறுக்குவது இரண்டு இடத்தில்: கேள்வியை எழுதும் விதத்தில், பதில் வந்து சேரும் முகவரியில்.

யாரிடம் கேட்பது

முதலில் காசு எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். ஒரே பாதைக்குப் பிரதேச சபையும் செலவழித்திருக்கலாம், நாடாளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் இருந்து பிரதேச செயலகம் ஊடாகவும் வந்திருக்கலாம், மாகாண சபையில் இருந்தும் வந்திருக்கலாம். பெயர்ப்பலகை இருந்தால் அதில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். இல்லாவிட்டால் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் ஒரே கேள்வியைத் தனித்தனிக் கடிதமாக அனுப்புங்கள். ஒருவர் "எங்களுடையது இல்லை" என்று எழுத்தில் தந்தால் அதுவும் ஒரு ஆவணந்தான்.

முன்பு பிரதேச சபைகள் "தோட்டத்துக்குள் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை" என்று கைவிரித்து வந்தன. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டம் 2018இல் திருத்தப்பட்டபின் அந்தச் சாட்டு செல்லாது. இன்றும் யாராவது அதைச் சொன்னால், சொன்னதை எழுத்தில் கேளுங்கள்.

தோட்டக் கம்பனி விஷயம் வேறு. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது, ஆனால் காணி இன்னும் அரசாங்கத்தினுடையது, கம்பனி குத்தகைக்காரர். கம்பனிக்கு நேரே எழுதினால் "நாங்கள் தனியார்" என்ற பதில் வரும், வழக்கு இழுபடும். அரசாங்கக் காசு அல்லது அரசாங்க அனுமதி தொட்ட பக்கத்தில் இருந்து கேட்பதுதான் புத்தி. குத்தகை உடன்படிக்கை அமைச்சிடமும் காணி உரித்துள்ள அரச நிறுவனத்திடமும் இருக்கும். ஊழியர் சேமலாப நிதி நிலுவை பற்றித் தொழில் திணைக்களத்துக்குத் தெரியும். வீடமைப்பு பற்றி, 2018ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையிடம் கேட்கலாம். மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்றவை நேரடியாக அரசாங்கம் நடத்துபவை, அவற்றின் தோட்டமென்றால் அவற்றிடமே கேட்கலாம். வெளிநாட்டு நிதியிலோ அரச நிதியிலோ பெருமளவில் தங்கி மக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும் இந்தச் சட்டத்துக்குள் வரும். இது பலருக்குத் தெரியாது, அந்த நிறுவனங்கள் சிலவற்றுக்கும் தெரியாது.

கேள்வி எழுதும் விதம்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்: ஏன் என்று கேட்காதீர்கள், எந்தக் காகிதம் என்று கேளுங்கள்.

"எங்கள் தோட்டத்துப் பாதையை ஏன் தரமில்லாமல் போட்டீர்கள்?" என்று எழுதினால், அந்த நிறுவனத்தில் இந்த விண்ணப்பங்களுக்குப் பதில் தரும் தகவல் அலுவலர் "அவ்வாறு எதுவும் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார். சட்டம் அவரிடம் எதிர்பார்ப்பது கைவசம் உள்ள தகவலைத் தருவதை மட்டுமே. விளக்கம் சொல்வதோ மன்னிப்புக் கேட்பதோ அவர் வேலை இல்லை. ஆகவே அவர் மேசையில் இருக்கும் கோவையின் தாள்களைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பாதை வேலைக்குப் பின்வருமாறு எழுதலாம்:

"2024 ஜனவரி 1 முதல் 2024 டிசம்பர் 31 வரையான காலத்தில், (தோட்டத்தின் பெயர்), (டிவிஷனின் பெயர்), அம்மன் கோயிலடியில் இருந்து பிள்ளை மடுவம் வரை கொங்கிரீட் இடப்பட்ட பாதை தொடர்பாகப் பின்வரும் ஆவணங்களின் பிரதிகளைத் தருக: அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடும் அளவைப் பட்டியலும், கொந்தராத்துக்காரருடன் அல்லது சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தம், தொழினுட்ப உத்தியோகத்தரின் அளவீட்டுத் தாள்கள், கொடுப்பனவு வவுச்சர்கள், வேலை பூர்த்திச் சான்றிதழ். மேற்கூறியவற்றில் ஏதேனும் தங்களிடம் இல்லையெனில், எது இல்லை என்பதையும் அது யாரிடம் உள்ளது என்பதையும் எழுத்தில் தெரிவிக்கவும்."

இடத்துக்கு லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) இலக்கமோ கோயிலோ கொழுந்து மடுவமோ, ஊரில் எல்லோரும் அறிந்த அடையாளம் ஒன்றைப் போடுங்கள். கோவையில் அந்த வேலைக்கு வேறு பெயர் இருக்கலாம். காலத்தையும் இடத்தையும் இறுக்கிச் சொன்னால் "எந்த வேலை என்று விளங்கவில்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. "கடந்த பத்து வருஷத்து எல்லாப் பாதைகளும்" என்று கேட்பதும் தவறு. அலுவலருக்குக் கால நீடிப்புக்கு அது நல்ல சாட்டு, உங்களுக்குப் பிரதிக் கட்டணமும் ஏறும். ஒரு பாதை, ஒரு வருஷம், ஐந்து தாள். பதில் வந்த பின் அடுத்த பாதையைக் கேளுங்கள்.

என்ன காரணத்துக்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. கவுண்டரில் கேட்டாலும் சொல்லாதீர்கள். "முறைப்பாடு செய்யப் போகிறேன்" என்று வாய் தவறினால் கோவை காணாமல் போவதற்கு நீங்களே நேரம் கொடுத்தது போலாகும். தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் அந்த உரிமையைத் தருகிறது, பதிலையும் தமிழில் கேட்கலாம். ஆனால் அளவைப் பட்டியல் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் அதை மொழிபெயர்த்துத் தரும்படி இழுபடாமல் பிரதியாகவே வாங்கி, வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டுவது வேகம். எழுத இயலாதவர் அலுவலகத்துக்குப் போய் வாயால் சொல்லலாம், அலுவலர் அதை எழுத்தில் பதிய வேண்டும். ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம் இருக்கிறது, கட்டாயம் இல்லை. வெள்ளைத் தாள் போதும்.

யார் பெயரில் கேட்பது, பதில் எங்கே வரும்

இந்த உரிமை குடிமக்களுக்கு மட்டும். 1948இல் அந்தச் சொல்லையே பறிகொடுத்துவிட்டு 2003 வரை அதற்காகக் காத்திருந்த சமூகத்துக்கு இதன் விலை தெரியும். சட்டத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது: உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினராவது குடிமக்களாக இருக்கும் எந்த அமைப்பும், பதிவு செய்யப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், குடிமகன் என்ற வரைவிலக்கணத்துக்குள் வரும். ஆகவே மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம், மாதர் சங்கம் எதன் கடிதத் தலைப்பிலும் கேட்கலாம். ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் பெயரில் கடிதம் போவதைவிட இது பாதுகாப்பு. அடுத்த நாள் பிரட்டில் யாருக்கு எந்த மலையில் வேலை என்று தீர்மானிக்கிறவர் யார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

லயத்துக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் தபால் தோட்டத்து ஆபீசுக்கு வந்து, அங்கிருந்துதான் பிரிக்கப்படுகிறது. தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு முத்திரை போட்ட கடித உறை முதலில் யார் கையில் விழும் என்று சொல்லத் தேவையில்லை. பத்து நாள் தாமதமாகக் கிடைத்தாலே மேன்முறையீட்டுக் காலம் கரைந்துவிடும். பதில் முகவரியாக டவுனில் நம்பிக்கையான கடையையோ உறவினர் வீட்டையோ கொடுங்கள், கூடவே ஒரு மின்னஞ்சலும் கொடுங்கள். கடிதம் கிடைத்த நாளைக் காட்டத் தபால் முத்திரையோடு உறையைத் தாளோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். உறையைக் கிழித்து எறிவது மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

கொடுப்பதும் நாள் எண்ணுவதும்

நேரில் கொடுத்தால் ஏற்றுக்கொண்டதற்கான எழுத்துத் துண்டு அப்போதே வாங்க வேண்டும், அலுவலர் அதைத் தரக் கடமைப்பட்டவர். "தகவல் அலுவலர் லீவு, நாளைக்கு வாங்க" என்றால் அன்றைக்கே பதிவுத் தபாலில் போட்டுவிடுங்கள். வேண்டுமென்றே விண்ணப்பத்தை ஏற்க மறுத்தால் ஆணைக்குழு அவரை ஒழுக்காற்று அதிகாரிக்கு அறிவிக்கலாம். இதைச் சண்டையாக இல்லாமல் மெதுவாகச் சொன்னாலே பெரும்பாலும் துண்டு கிடைத்துவிடும். பதிவுத் தபால் பற்றுச்சீட்டு வெப்பத்தாளில் அச்சாகி வந்தால் சில மாதத்தில் வெளுத்துவிடும். லயத்தின் ஈரத்தில் இன்னும் சீக்கிரம். அன்றைக்கே போட்டோப்பிரதி எடுங்கள்.

இனி நாள் கணக்கு. தருவதா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாளுக்குள் வர வேண்டும். சனி, ஞாயிறு, போயா, மற்ற அரச விடுமுறை எல்லாம் கழித்து எண்ணுங்கள், நடைமுறையில் மூன்று வாரம். தருவதாக முடிவானால் கட்டணம் உண்டா என்று சொல்வார்கள், அதன்பின் 14 நாளில் தாள் வர வேண்டும். தாள்கள் மிக அதிகம், தொலைவில் உள்ளன என்றால் இன்னும் 21 நாள் வரை நீட்டலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும். மின்னஞ்சலில் வாங்கினால் பிரதிச் செலவு மிச்சம்.

மறுத்தாலும், பேசாமல் இருந்தாலும், பாதி மட்டும் தந்தாலும் அடுத்த 14 நாளுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. இது சாதாரண வேலை நாட்கணக்கு இல்லை, வெறும் 14 நாள், அதனால்தான் இங்கே அதிகம் பேர் வழுக்குகிறார்கள். அவருக்கு மூன்று வாரம். அதிலும் சரி வராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பில் உள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழு. சட்டத்தரணி தேவையில்லை. அங்கே ஏன் தர முடியாது என்று நிரூபிக்கும் சுமை அலுவலகத்தின் மேல், உங்கள் மேல் இல்லை. ஆணைக்குழுவின் முடிவிலும் திருப்தி இல்லாத தரப்பு ஒரு மாதத்துக்குள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம். கலண்டரில் மூன்று திகதியையும் கடிதம் போடும் நாளிலேயே குறித்துவிடுங்கள்.

மறுப்புக்கு அடிக்கடி சொல்லும் காரணம் இரண்டு. ஒன்று "தனிப்பட்ட தகவல்". இன்னொருவரின் சேமலாப நிதிக் கணக்கைக் கேட்டால் அது சரியான மறுப்பு. அதே விஷயத்தைப் பெயரில்லாமல் கேளுங்கள்: "இந்தத் தோட்டம் எத்தனை மாதத்துக்கான பங்களிப்பைச் செலுத்தவில்லை, அதற்காகத் திணைக்களம் எடுத்த நடவடிக்கை என்ன, வழக்கு இலக்கம் என்ன". தொழிலாளியிடம் 8 வீதம் பிடித்து, தொழில்தருநர் 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டிய காசு அது. இரண்டாவது காரணம் "வர்த்தக இரகசியம்". கொந்தராத்துக்காரரின் விலையை இப்படி மறைப்பார்கள். அரசாங்கக் காசில் முடிந்து, காசோலையும் போய்விட்ட வேலைக்கு இது செல்லாது என்று மேன்முறையீட்டில் எழுதுங்கள். விதிவிலக்குக்குள் வந்தாலும் பொதுநலன் பெரிதென்றால் தர வேண்டும் என்று 5ஆம் பிரிவு சொல்கிறது. தாளில் மறைக்க வேண்டியது ஒரு வரிதான் என்றால் அந்த வரியை மட்டும் கறுப்பாக்கி மீதியைத் தர வேண்டும், அது 6ஆம் பிரிவு.

தாள் வந்தபின் டேப்பை எடுங்கள்

அளவைப் பட்டியலில் பார்க்க வேண்டியது நீளம், அகலம், கனம், கலவை விகிதம். உதாரணமாக 100 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், 100 மில்லிமீற்றர் கனம் என்று இருந்தால் 30 கனமீற்றர் கொங்கிரீட். ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு என்ற கலவையில் கனமீற்றருக்கு 50 கிலோ மூடை ஆறேகால் அளவில் பிடிக்கும், மொத்தம் ஏறக்குறைய 190 மூடை. கனம் 75 மில்லிமீற்றராகக் குறைந்தால் 22.5 கனமீற்றர், 140 மூடை சொச்சம். அந்த ஒரு அங்குலத்தில் மட்டும் ஐம்பது மூடைக்குக் கிட்ட போய்விடும், மணலும் கல்லும் கூலியும் தனி. மணல், கல் கணக்கு கியூபில் எழுதியிருந்தால் ஒரு கியூப் 100 கன அடி, அதாவது 2.83 கனமீற்றர்.

கனத்தை ஓரத்தில் அளந்து ஏமாறாதீர்கள். பலகை அடித்து ஊற்றும்போது பலகையின் உயரம் நான்கு அங்குலம், ஆகவே ஓரம் எப்போதும் நான்கு அங்குலமாகத்தான் தெரியும். நடுவில் மண்ணை மட்டம் வெட்டாமல் விட்டு, மேட்டின் மேல் இரண்டரை அங்குலம் பூசியிருப்பார்கள். தண்ணீர்க் குழாய்க்குக் குறுக்கே வெட்டிய இடம், தண்ணீர் போகும் போக்கின் வாய், தானாக உடைந்து பெயர்ந்த துண்டு, இவற்றில் அளக்கலாம். நீங்களாகப் பாதையைக் குத்தி உடைத்து அளந்தால் பொதுச்சொத்துக்குச் சேதம் என்று கதை உங்கள் பக்கம் திரும்பும். குறைந்தது ஐந்து இடத்தில் அளந்து, டேப்பின் இலக்கம் தெரியப் படம் எடுத்து, கூட நின்ற இருவரின் கையொப்பத்தோடு ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசத்தை வைத்துச் செய்தி போடாதீர்கள், கைவேலையில் அது வரும். நீளத்தில் இருபது மீற்றர் குறைந்தால் அது கைப்பிழை அல்ல. அளவீட்டுத் தாளில் தொழினுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்ததாகப் போட்ட திகதியையும் பாருங்கள். அது ஞாயிற்றுக்கிழமையாகவோ கொங்கிரீட் போட முந்திய நாளாகவோ இருந்தால், அளவைவிடப் பெரிய விஷயம் கையில் கிடைத்திருக்கிறது.

48 மணித்தியாலக் கேள்வி

கேட்பவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலுக்கு 48 மணித்தியாலத்தில் பதில் தர வேண்டும். மலையகத்தில் இந்த விதி மண்சரிவுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதைந்தபோது அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. அன்றைக்கு இந்தச் சட்டம் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலை மறுபடியும் இறங்கியது, அப்போது சட்டம் இருந்தது.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்திடம் கேட்க வேண்டியது: உங்கள் டிவிஷன் பற்றிய மண்சரிவு அபாய மதிப்பீட்டு அறிக்கை, அது யாருக்கு எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது, குடியிருப்பை அகற்றுமாறு பரிந்துரை இருந்ததா. பிரதேச செயலகத்திடம் கேட்க வேண்டியது: அந்த அறிக்கை கிடைத்த திகதி, அதன்பின் எடுத்த நடவடிக்கையின் கோவைக் குறிப்புகள். கடிதத்தின் மேல் "உயிர் தொடர்பானது, 48 மணித்தியாலத்துக்குள் பதில் வேண்டும்" என்று தடித்த எழுத்தில் போட்டு, லயத்துக்கு மேலே உள்ள வெடிப்பின் படத்தை இணையுங்கள். கேட்பவர் அந்த லயத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும், டவுன்காரர் கேட்டால் இந்த விதி பொருந்தாது. இங்கு மட்டும் சங்கத்தின் பெயரை விட்டு சொந்தப் பெயரில் கேளுங்கள்.

எழுதும்போது

ஆவணம் கையில் வந்ததும் பேஸ்புக்கில் "திருடர்கள்" என்று போட வேண்டும் போலிருக்கும். அந்த ஒரு சொல்லில் மொத்த வேலையும் கெடும். குற்றவியல் அவதூறு இலங்கையில் 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது, ஆனால் குடியியல் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாம். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பொய்யான கூற்றுகள் சிலவற்றைக் குற்றமாக்கியிருக்கிறது, 2007ஆம் ஆண்டு ஐ.சி.சி.பி.ஆர். (குடியியல் அரசியல் உரிமைகள்) சட்டத்தின் 3ஆம் பிரிவும் எழுதுபவர் மேல் பாய்ந்திருக்கிறது. ஆகவே மூன்று விஷயத்தைக் கலக்காமல் எழுதுங்கள்: தாள் என்ன சொல்கிறது, நாங்கள் அளந்தபோது என்ன இருந்தது, சம்பந்தப்பட்டவர் கேட்டபோது என்ன சொன்னார். "திருடினார்" என்பதற்குப் பதிலாக "100 மீற்றருக்குக் காசு கொடுக்கப்பட்டுள்ளது, தரையில் இருப்பது 78 மீற்றர்" என்று எழுதினால் வாசிப்பவரே மீதியைச் சொல்லிக்கொள்வார். கருத்துக் கேட்டு அனுப்பிய செய்தியையும், பதில் வராவிட்டால் அனுப்பிய நேரத்தையும் வைத்திருங்கள்.

செய்தி வந்தபின் ஒரு சட்டத்தரணியின் கோரிக்கைக் கடிதம் வரலாம், கோடிக்கணக்கில் தொகை போட்டிருக்கும். அது வழக்கு இல்லை, வழக்குப் போடுவேன் என்ற கடுதாசி. பயத்தில் பதிவை அழித்துவிட்டு மன்னிப்பும் எழுதிக் கொடுப்பது பிழை, அலட்சியமாக விடுவதும் பிழை. குறிப்பிட்ட நாளுக்குள் ஒரு சட்டத்தரணி மூலம் "ஆவணம் இருக்கிறது" என்று பதில் அனுப்ப வேண்டும். மோல்டாவில் ஊழலை எழுதிய டாப்னி கருவானா கலிசியா 2017 ஒக்டோபர் 16ஆம் திகதி கார்க் குண்டில் கொல்லப்பட்டபோது அவர் மேல் 40க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் நிலுவையில் இருந்தன. வெல்வதற்காக இல்லாமல் களைக்க வைப்பதற்காகப் போடும் இந்த மாதிரி வழக்குகளுக்கு எதிராகத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஒரு பணிப்பாணை கொண்டுவந்தது. அடிப்படையில்லாத வழக்கை ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்யவும் செலவை வழக்குப் போட்டவர் தலையில் கட்டவும் அது வழி செய்கிறது. அது எல்லை தாண்டிய வழக்குகளுக்கானது, நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நம் நாட்டிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கு அந்த வாசகம் உதவும்.

போனும் கொமியுனிகேஷனும்

பெரிய உளவு மென்பொருளை நினைத்துப் பயப்படுவதற்கு முன்னால் டவுனில் உள்ள கொமியுனிகேஷன் கடையை நினையுங்கள். தாளைப் பிரதி எடுக்க வட்ஸ்அப்பைக் கடைக் கணினியில் திறந்தவர்கள் மூடாமல் வந்துவிடுகிறார்கள். அமைப்புகளில் "இணைத்த சாதனங்கள்" என்ற இடத்தைப் பாருங்கள், தெரியாத கணினி இருந்தால் அங்கேயே வெளியேற்றலாம். கடையின் டெஸ்க்டொப்பில் சேமித்த கோப்பை அழித்து, குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டு வாருங்கள். முடிந்தால் பென் டிரைவையும் தவிர்த்து போனிலேயே ஸ்கேன் செயலியால் எடுங்கள்.

படத்தைச் சாதாரணமாக வட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் அழிந்து போகும். ஆதாரமாக வைக்க வேண்டிய படத்தை "ஆவணம்" என்று தெரிவு செய்து அனுப்புங்கள், அல்லது அன்றைக்கே உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். வெளியிடும் படத்துக்கு இது தலைகீழ்: அதில் இடக்குறிப்பு இருக்கக்கூடாது, தகவல் தந்தவரின் வீட்டு வாசல் தெரியக்கூடாது. பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் ஆகியவற்றை மறைக்கும்போது மஞ்சள் மார்க்கர் போன்ற ஒளிபுகும் நிறத்தால் மறைக்காதீர்கள், வெளிச்சத்தைக் கூட்டினால் எழுத்து தெரிந்துவிடும். கறுப்புப் பெட்டி போட்டு, அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து அந்தப் படத்தைப் போடுங்கள். தகவல் தந்தவரின் இலக்கத்தைப் போனில் அவர் பெயரிலேயே சேமிக்க வேண்டாம். மறையும் செய்தி வசதியை இருவர் போனிலும் போடுங்கள். விரலடையாளத்தை மட்டும் நம்பாமல் ஆறு இலக்கக் கடவுச்சொல் வையுங்கள். ஐரோப்பாவில் 2025 ஓகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்த ஊடகச் சுதந்திரச் சட்டம் செய்தியாளரின் தகவல் மூலத்தைக் கேட்டு நெருக்குவதற்கு எல்லை போடுகிறது. இங்கே அந்த எல்லை உங்கள் கடவுச்சொல்தான்.

முறைப்பாடு

தாள் கிடைத்தபின் எங்கே போவது என்பது சுருக்கம். காசு சம்பந்தப்பட்டது இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்கு, 1954 என்ற இலக்கத்திலும் எழுத்திலும். 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் தகவல் தருபவருக்குப் பாதுகாப்புத் தருகிறது, தெரிந்தே பொய் முறைப்பாடு செய்வதைக் குற்றமாகவும் வைத்திருக்கிறது. கணக்காய்வாளர் நாயகத்தின் பிரதேச சபை அறிக்கைகளை முன்னரே பாருங்கள், உங்கள் பாதை அதில் ஒரு வரியாக இருக்கலாம். கேட்டதற்காக யாராவது அரச அதிகாரியால் பழிவாங்கப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அப்படிப் போனால், அங்கே விசாரணை நடக்கும் காலம் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடுவதற்கான ஒரு மாதத்தில் கழியாது.

ஐரோப்பாவுக்கு எழுதுவது

இலங்கை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் ஏற்றுமதி வரிச்சலுகையை 2010இல் இழந்து 2017 மே மாதம் திரும்பப் பெற்றது. 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடிப்பதாகச் சொல்லி வாங்கியது, அவற்றில் குடியியல் அரசியல் உரிமைகள், தொழிற்சங்கச் சுதந்திரம், ஊழல் எதிர்ப்பு எல்லாம் இருக்கின்றன. அவை கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று ஐரோப்பிய ஆணைக்குழு தொடர்ந்து பார்க்கிறது, சமூக அமைப்புகளின் எழுத்துச் சமர்ப்பணங்களை வாங்குகிறது. அங்கே நீண்ட மகஜர் வேலை செய்யாது. இரண்டு பக்கம், ஆங்கிலத்தில், எந்த உடன்படிக்கை, எந்தத் தோட்டம், எந்தத் திகதி, கூடவே தகவல் ஆணைக்குழுவின் கட்டளையின் பிரதி. "மலையக மக்கள் 200 வருஷமாக" என்று தொடங்கும் பந்தியை வெட்டிவிடுங்கள், அது அவர்களுக்கும் தெரியும்.

பாரிசிலோ பேர்லினிலோ உறவினர் இருந்தால் அவருக்கு ஒரு வேலை கொடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியிருக்கும் எவரும், குடியுரிமை இல்லாவிட்டாலும், 2001ஆம் ஆண்டின் 1049ஆம் இலக்க ஒழுங்குவிதியின் கீழ் ஒன்றிய நிறுவனங்களின் ஆவணங்களைக் கேட்கலாம். பதில் 15 வேலை நாளில் வர வேண்டும். இலங்கை பற்றிய கண்காணிப்புக் குழுவின் குறிப்பு, தோட்டப் பகுதித் திட்டமொன்றுக்குக் கொடுத்த நிதியின் இறுதி அறிக்கை போன்றவற்றைக் கேட்கச் சொல்லுங்கள். பிரித்தானியாவுக்கு உறவினரும் தேவையில்லை. அவர்களுடைய 2000ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தில் கேட்பவர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. ஹட்டனில் இருந்து பெயர், பதில் முகவரி, கேள்வி மூன்றும் போட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் 20 வேலை நாளில் பதில் தர வேண்டும். அங்கேயும் கேள்வி இதே மாதிரிதான்: எந்தத் திட்டம், எந்த வருஷம், எந்தத் தாள்.